ஒன்பது கஜம் அளக்கும் நண்பர்களுக்கு

மேடையில் மைக் பிடிக்கும் குவிஸ் மாஸ்டர்களே, அவர்களுக்காக ராத்திரி கண் விழித்துக் கேள்வி எழுதிக் கொடுக்கும் நண்பர்களே,

நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான். பள்ளிக்கூடம், கல்லூரி, கம்பெனி ஆண்டு விழா என்று முப்பது வருஷம் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் கேள்வி கேட்டவன். இப்போது முழங்கால் மேடை ஏற விடுவதில்லை. பார்வையாளர் வரிசையோடு சரி. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற மாதம், ஒரு கல்லூரி. ஊரும் பேரும் வேண்டாம். நடத்தியவர் நல்ல மனிதர், என்னைவிடக் கெட்டிக்காரர். நான்காவது சுற்றில் திரையில் இரண்டு படங்கள் வந்தன. இடப்பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சண்டை விமானம். வலப்பக்கம் மடிசார் கட்டிய ஒரு பாட்டி. ‘இந்த இரண்டையும் இணைக்கும் ஆங்கிலத் தொடர் எது? அது எங்கிருந்து வந்தது?’ மூன்று பெண்கள் இருந்த அணி பஸ்ஸரை அழுத்தியது. ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்றாள் நடுவில் இருந்தவள். சரி, எங்கிருந்து வந்தது? பக்கத்தில் இருந்த இருவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மைக்கில் தெளிவாகச் சொன்னாள்: ‘அது தெரியாது சார். யாருக்குமே தெரியாது.’

அரங்கம் சிரித்தது. பாதி மார்க். மீதிப் பாதிக்கான கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அந்தப் பையன்கள் சொன்னார்கள்: போர் விமானத்து இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை ஒன்பது கஜ நீளமாம், எதிரியின் மேல் மொத்தப் பட்டையையும் காலி செய்தால் ஒன்பது கஜமும் கொடுத்தாயிற்று என்பார்களாம். கைத்தட்டல். ‘நம்ம ஊர் ஒன்பது கஜம் புடவைன்னு சொல்லியிருந்தாலும் மார்க் குடுத்திருப்பேன்’ என்றார் நடத்தியவர், பெருந்தன்மையாக. இன்னும் பெரிய கைத்தட்டல்.

அந்தப் பெண்கள் தோற்றதற்கு இந்தக் கேள்வி மட்டும் காரணமில்லை. ஏழாம் சுற்றில் கிரிக்கெட்டில் கோட்டை விட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று அரங்கில் சரியான விடை சொன்னது அவள் ஒருத்திதான்.

நடத்தியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவும் கூடாது. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் பழைய கேள்வி நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். 1996ஆம் வருஷத்து நோட்டு, நாற்பத்தோராம் பக்கம். பச்சை மையில் அதே கேள்வி, அதே தோட்டாப் பட்டை, பக்கத்தில் ‘9 கஜம் = 27 அடி’ என்று கணக்கு வேறு. இதை எத்தனை மேடையில் அளந்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

‘அளந்திருப்பேன்’ என்ற சொல் தானாக வந்து விழுந்தது, பாருங்கள். தமிழில் புளுகுகிறவன் கதை அளக்கிறான். அதற்குப் படியா, முழமா என்று நாம் கேட்பதில்லை. இந்த ஆங்கிலத் தொடரின் சங்கதியும் கிட்டத்தட்ட அப்படித்தான் போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தொடரின் பொருளில் சிக்கல் இல்லை. ஒன்று பாக்கி விடாமல், அடி முதல் நுனி வரை, மொத்தமும் என்று அர்த்தம். கல்யாணத்தில் நாதஸ்வரம், செண்டை மேளம், மூன்று பந்தி, ஐஸ்கிரீம் ஸ்டால், தலைக்கு மேல் டிரோன் கேமரா எல்லாமே இருந்தது என்று சொல்ல ஓர் அமெரிக்கர் இந்தத் தொடரைப் போடுவார். சிக்கல் அந்த ஒன்பதில். எதனுடைய ஒன்பது? எதை அளந்த கஜம்?

இதற்குக் கிளம்பிய விடைகளுக்குத் தனி நோட்டே போடலாம். தோட்டாப் பட்டையைச் சொல்லிவிட்டேன். கான்கிரீட் லாரியின் வயிற்றில் ஏற்றும் ஒன்பது கன கஜம் என்பது இன்னொன்று. கப்பலில் மூன்று பாய்மரம், மரத்துக்கு மூன்று குறுக்குக் கட்டை, ஆக ஒன்பது என்பார்கள்; பாய் கட்டும் அந்தக் கட்டைக்கும் ஆங்கிலத்தில் யார்ட் என்றே பெயர். ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட்டுக்கு வேண்டிய துணி, நல்ல கோட்டு சூட்டுக்கு வேண்டிய துணி, பிணத்துக்குப் போர்த்தும் துணி, கடைசியாக நம் புடவை. அமெரிக்கக் கால்பந்தைக்கூட விடவில்லை. அந்த ஆட்டத்தில் பத்து கஜம் முன்னேறினால்தான் கணக்கு; ஒன்பது கஜம் போய் நின்றவன் கோட்டை விட்டவன். அது எப்படி ‘முழுசும்’ ஆகும்?

1980களில் நியூயார்க் டைம்ஸில் மொழி பற்றிய பத்தி எழுதிவந்த வில்லியம் சஃபையர் இதை வாசகர்களிடமே கேட்டார். கடிதங்கள் குவிந்தன. அவர் கடைசியில் கான்கிரீட் லாரிப் பக்கம் சாய்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா சொன்னார், சித்தப்பா விமானப்படையில் இருந்தார் என்கிற சாட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நீதிபதியாலும் தீர்ப்பு எழுத முடியாது. சித்தப்பா பொய் சொல்லவில்லை. 1970இல் கேட்ட தொடரை 1944இல் கேட்டதாக நினைவு மாற்றி வைத்திருக்கும், அவ்வளவுதான். ஞாபகத்தில் தேதி முத்திரை விழுவதில்லை.

காகிதத்தில் விழும். இதைத்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். 1857இல் லண்டனில் பேச்சு தொடங்கி, 1884இல் முதல் பகுதி அச்சாகி, 1928இல் முடிந்த வேலை அது. ஒவ்வொரு சொல்லுக்கும், அதன் ஒவ்வொரு பொருளுக்கும், கிடைத்தவற்றில் மிகப் பழைய எழுத்துச் சான்றிலிருந்து ஆண்டு போட்டு மேற்கோள் காட்ட வேண்டும் என்பது விதி. ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே வீட்டுத் தோட்டத்தில் ஓர் இரும்புக் கொட்டகை; சுவர் நெடுக புறாக்கூண்டு போன்ற அறைகள். ஊர் பேர் தெரியாத வாசகர்கள் படித்த புத்தகத்தில் கண்ட சொல்லைச் சீட்டில் எழுதி அஞ்சலில் அனுப்ப, அந்த அறைகள் நிரம்பின. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள்) மேற்கோள் காட்டுகிறது. நூற்பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. அந்தக் குறை நமக்கு இன்னும் தீரவில்லை. அது வேறு மடலுக்கான விஷயம்.

ஒன்பது கஜத்துக்கு வருவோம். அகராதிக்காரர்கள் கையில் நெடுங்காலம் இருந்த மிகப் பழைய சான்று 1967ஆம் ஆண்டுடையது. வியட்நாமில் அமெரிக்க விமானப்படையினரைப் பற்றி எலெய்ன் ஷெப்பர்ட் எழுதிய புத்தகம். விமானிகள் வாயில் வருகிறது என்றதும் தோட்டாப் பட்டைக் கட்சிக்குக் கொண்டாட்டம். பிறகு 1964இல் ஒன்று கிடைத்தது. விண்வெளித் துறையில் இருப்பவர்களின் பேச்சு வழக்கை விளக்கும் பத்திரிகைக் கட்டுரை அது. ஒரு வேலையைப் பற்றி அம்சம் அம்சமாக முழு அறிக்கை கொடுப்பது என்று பொருளும் சொல்கிறது. பிறகு 1962, மிச்சிகன் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த சிறுகதை. அதில் வீடு வீடாகப் பிரஷ் விற்க வருகிற ஆள் அடிக்கடி சொல்லும் தொடராக இது வருகிறது. விமானமும் இல்லை, ராக்கெட்டும் இல்லை, பிரஷ்.

அடுத்து 1956. கென்டக்கி மாநிலத்து மீன், வனவிலங்குத் துறை நடத்திய பத்திரிகை. மீன்பிடிப் போட்டிக்கான பரிசுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், மொத்தமும் இவ்வளவுதான் என்று முடிக்கிற இடத்தில் நம் ஒன்பது கஜம். இதைத் தேடி எடுத்தவர் பானி டெய்லர்-பிளேக். வட கரோலினாவில் நரம்பியல் ஆய்வாளர். சொல் வேட்டை அவருக்கு ஓய்வு நேரத்துப் பித்து. ஆராய்ச்சிப் பட்டமும் மொழியியல் துறையும் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இவரோடு சேர்ந்து தேடிய ஃபிரெட் ஷப்பீரோவும் யேல் சட்டக் கல்லூரியில் நூலகர்தான்.

2012இல் டெய்லர்-பிளேக் வலையில் விழுந்தது யாரும் எதிர்பாராத மீன். ஒன்பதைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆறு கிடைத்தது. ‘தி ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்.’

கென்டக்கியில் மவுண்ட் வெர்னன் என்ற சின்ன ஊர். அதன் பத்திரிகை மவுண்ட் வெர்னன் சிக்னல். 1912 மே 17 இதழில் அரசியல் வம்பு. அந்த வருஷம் தியோடர் ரூஸ்வெல்ட்டும் டாஃப்டும் ஒரே குடியரசுக் கட்சிக்குள் முட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டை இன்னும் சூடேறட்டும், ஒருவர் குட்டை ஒருவர் உடைத்து ஆறு கஜமும் சொல்லிவிடுவார்கள் என்கிறது எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் குறிப்பு. ஜூன் 28 இதழில் இன்னும் சுவாரசியம். சில நாள் வெளியில் போயிருந்ததால் இந்த வாரம் செய்தி எல்லாவற்றையும் சேகரிக்க முடியவில்லை, அடுத்த இதழில் ஆறு கஜமும் தருகிறோம் என்று எழுதியவர் தவணை கேட்கிறார். 1921இல் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் நகரத்துப் பத்திரிகைத் தலைப்பிலும் ஆறுதான்.

அடுத்த வருஷமே ஒன்பது கட்சிக்கும் உயிர் வந்தது. இன்னொருவர் தேடலில் கிடைத்தது இண்டியானா மாநிலத்து மிட்செல் கமர்ஷியல் என்ற ஊர்ப் பத்திரிகை. 1908 ஜூன் 4: ராஸ்கோ என்ற உள்ளூர் ஆள் மீன் பிடிக்கப் போய்விட்டு வந்து பெரிய கதை வைத்திருக்கிறார், அதைக் கேட்க எங்களுக்குப் பொறுமை இல்லை, என்றைக்காவது அப்பாவி ஒருவன் அகப்பட்டால் அவனிடம் ஒன்பது கஜமும் இறக்கிவிடுவார் என்று பத்திரிகை கேலி செய்கிறது. அதற்கும் ஒரு வருஷம் முன்னால், 1907 மே 2: ஊரின் பேஸ்பால் அணியும் கடை கண்ணி வைத்திருப்பவர்களும் மோதும் ஆட்டம். கடைக்காரர்கள் தாக்குப் பிடிக்கும்வரை நடக்கும். ஆனால் ஒன்பது கஜமும் நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இதில் ‘ஹோல்’ இல்லை, ‘ஃபுல்’. பேஸ்பாலில் அணிக்கு ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்பதால் எழுதியவர் சொல் விளையாட்டும் காட்டியிருக்கலாம். எனக்கென்னவோ ராஸ்கோதான் சுத்தமான சாட்சி.

அந்த மீன் கதையைத் திரும்பப் பாருங்கள். ராஸ்கோ ஒன்பது கஜத்துக்குக் கதை அளக்கிறார். மவுண்ட் வெர்னன்காரர்கள் இருவருமே செய்தி சொல்வதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். துணிக்கடையில் அளப்பதுபோல் கதையை அளப்பதாக ஒரு நினைப்பு அந்தப் பக்கத்து வாய்களில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி நோட்டில் ஏற்றமாட்டேன்.

இப்போது தோட்டாப் பட்டை என்ன ஆயிற்று? ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903 டிசம்பரில். 1907இல் மிட்செல் ஊர்க் கடைக்காரர்கள் பேஸ்பால் ஆடியபோது துப்பாக்கி பொருத்திய விமானம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. இன்னொன்றும் உண்டு: தோட்டாவை எண்ணிக்கையில் கணக்கு வைப்பார்களே தவிர கஜத்தில் யாரும் வைப்பதில்லை. கான்கிரீட்டைச் சுழற்றிக்கொண்டே ஓடும் லாரியும் அன்றைக்குச் சாலைக்கு வரவில்லை. ஊர்ப் பத்திரிகையின் இரண்டே வரிகள் எழுபது வருஷத்துக் கதைகளைக் காலி செய்துவிட்டன.

இங்கேதான் உங்களுக்கு ஒரு பொறியைக் காட்ட வேண்டும். நானே அதில் கால் வைத்தவன். ஆறு கஜம், ஒன்பது கஜம் என்று முதன்முதலில் சேர்த்துப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் ஜவுளிக்கடையில் போய் நின்றால் இந்த இரண்டு அளவுதானே! ஆறு கஜம் அன்றாடப் புடவை, ஒன்பது கஜம் மடிசாருக்கு. வேறு எந்தத் துணிக்கும் இந்த ஜோடி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. நடத்தியவர் சொன்ன புடவைக் கதைதான் கடைசியில் ஜெயித்துவிட்டதா? அரை மணி நேரம் அந்தப் பெருமையில் மிதந்தேன். வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். பிறகு காபி ஆறியதும் புத்தி வந்தது. 1912 கென்டக்கியின் ஒரு கிராமத்து நிருபருக்கும் புடவைக்கும் என்ன தொடர்பு? அந்தப் பத்திரிகைக் குறிப்புகளில் புடவை இல்லை, இந்தியா இல்லை, துணியே இல்லை. எண் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஒன்று முதல் பத்துக்குள் இரண்டு எண்ணை எடுத்தால் உலகத்தில் ஏதாவது ஒன்றோடு பொருந்தத்தான் செய்யும்.

இன்னும் ஒன்று. மிட்செல் என்ற அந்தச் சின்ன ஊரில் 1926இல் பிறந்தவர் கஸ் கிரிஸம், அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர். 1964இல் இந்தத் தொடர் எந்த வட்டாரத்தின் பேச்சு வழக்காக அச்சில் வந்தது? விண்வெளி வட்டாரம். ஆக, ஊர்ப் பேச்சைக் கிரிஸம் எடுத்துக்கொண்டு போய் விண்வெளிக்காரர்களிடம் பரப்பினார் என்று ஒரு கதை இந்த நொடியே உங்கள் மனத்தில் கட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் கட்டியது. எவ்வளவு அழகான கேள்வி! ஆனால் அவர் வாயில் இந்தத் தொடர் வந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. நாளைக்கு இதை யாராவது மேடையில் சொன்னால், விதை போட்டவன் நான்தான் என்ற பாவம் என் தலையில் விழும். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: இது தற்செயல், இதைக் கேள்வியாக்காதீர்கள்.

ஆறும் ஒன்பதும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில், ஐந்து வருஷ இடைவெளியில் அச்சில் கிடக்கின்றன. ஓஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஒரு குறிப்பிட்ட பொருளின் நீளத்திலிருந்து தொடர் பிறந்திருந்தால் எண் இப்படி ஆடாது. தோட்டாப் பட்டை ஒன்பது கஜமென்றால் ஒன்பதுதான். நாம் ‘பத்துப் பேரைக் கேட்டுப் பார்’ என்கிறோம், ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்கிறோம். அந்த நாலு பேர் யார் என்று ஒருவரும் முகவரி கேட்பதில்லை. ஆங்கிலத்திலும் ஆனந்தத்தின் உச்சியில் இருப்பவன் ஒன்பதாம் மேகத்தில் மிதக்கிறான். பழைய அச்சில் அதே ஆள் ஏழாம் மேகத்திலும் மிதந்திருக்கிறான். எண் காலப்போக்கில் ஏறிக்கொள்ளும்.

இதற்கும் முன்னால் ஒரே ஒரு நூலிழை. 1855இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு உலவியது. நீதிபதி ஒருவருக்கு மூன்று சட்டை தைக்கத் துணி எடுத்துக் கொடுத்தால், தைத்தவள் ஒன்பது கஜத்தையும் ஒரே சட்டையில் போட்டுவிட்டாள் என்று புலம்பல். ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்ற அதே மூன்று சொற்கள். ஆனால் இது உண்மையான துணி, உண்மையான கஜம், உவமை இல்லை. இந்தச் சட்டைக்கும் ராஸ்கோவின் மீனுக்கும் நடுவில் ஐம்பத்து மூன்று வருஷம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையைக் கதையால் நிரப்பலாமா என்றால், கூடாது என்பேன்.

நானும் ஒரு ராத்திரி தேடிப் பார்த்தேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய ஊர்ப் பத்திரிகைகளை லட்சக்கணக்கான பக்கங்களாகப் படம் பிடித்து, கணினியால் எழுத்தாக்கி, காசில்லாமல் திறந்து வைத்திருக்கிறது. சொல்லைத் தட்டினால் பக்கம் வருகிறது, சொல் இருக்கும் இடத்தில் நிறம் தெரிகிறது. ஒன்பது கஜம் என்று தட்டினேன். வந்ததெல்லாம் ஜவுளி விளம்பரம்! ஒன்பது கஜம் காலிகோ இவ்வளவு, கறுப்புப் பட்டு அவ்வளவு. (காலிகோ நம் கோழிக்கோடுதான். அந்தச் சொல்லுக்குக் கதை தேவையில்லை, காகிதமே உண்டு.) நூற்றுக்கணக்கான துணிக்கடைகளைத் தாண்டித்தான் ஒரு ராஸ்கோவைப் பிடிக்க வேண்டும். அதிலும் பத்தி ஒடுக்கம். சொல் வரி முனையில் உடைந்து கீழே இறங்கியிருந்தால் இயந்திரத்தின் கண்ணுக்குத் தப்பிவிடும். மை கசிந்த இடத்தில் அது எதையோ படித்து எதையோ எழுதி வைத்திருக்கும். இரண்டு மணிக்குக் கண் எரிந்தது, மூடிவிட்டேன். டெய்லர்-பிளேக் போன்றவர்கள் இதை வருஷக்கணக்கில் செய்கிறார்கள்.

சரி, 1907 மே 2தான் பிறந்த தேதியா? அதுவும் இல்லை. என் வயதுக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனால் வலக்கையைத் தலைக்கு மேல் சுற்றி இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி தெரியாது என்று அப்பா சொன்னால், தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுவார். இன்றைக்கும் ஆதாரில், பென்ஷன் புத்தகத்தில் அந்தத் தேதிதான். ஆனால் பதிவேட்டில் பேர் ஏறிய அன்று பிள்ளை பிறக்கவில்லை. நடந்து, பேசி, தெருவில் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. மிட்செல் கமர்ஷியலில் ஒன்பது கஜத்துக்கு விளக்கம் எதுவும் தரப்படவில்லை. ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அப்படி எழுத முடியும். ஆக, 1907க்கு முன்பே அது அந்த வட்டாரத்தில் நடமாடிய பிள்ளை. எவ்வளவு முன்பு என்று காகிதம் சொல்லவில்லை.

பிரசவ அறை வரைக்கும் போய்ப் பார்க்கக் கிடைத்த அதிர்ஷ்டசாலியும் ஒருவன் இருக்கிறான். நாம் தினம் நூறு முறை சொல்லும் ‘ஓகே’. 1839 மார்ச் 23, பாஸ்டன் மார்னிங் போஸ்ட். அந்தக் காலத்தில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு: சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் எடுத்துச் சுருக்குவது. ‘ஆல் கரெக்ட்’ என்பதை அப்படிக் கெடுத்து ஓ.கே. ஆக்கினார்கள். அந்த இதழே பக்கத்தில் விரிவையும் கொடுத்திருக்கிறது. குழந்தையும் தாயும் ஒரே வரியில். மறுவருஷத் தேர்தலில் ஜனாதிபதி வான் பியூரன் கட்சிக்காரர்கள் அவர் சொந்த ஊரான கிண்டர்ஹூக்கைச் சேர்த்து ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று கோஷமாக்க, ஓகே நாடெங்கும் போனது. 1960களில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் கட்டுரை கட்டுரையாக இதை நிறுவும்வரை அதற்கும் பத்துக் கதை இருந்தது. சாக்டா பழங்குடி மொழிச் சொல் என்று நம்பி ஜனாதிபதி உட்ரோ வில்சன் தன் கோப்புகளில் ‘ஓகே’ என்பதற்கு வேறு எழுத்துக்கூட்டலே போட்டார்.

எல்லாத் தொடருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. வாய்க்காத இடத்தில்தான் நம் ஆட்கள் புகுந்துவிடுகிறார்கள். பகட்டைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேளுங்கள்: இந்தியாவுக்குக் கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பணக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் அறை எடுப்பார்கள், அதைச் சொல்லும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் இது என்று இன்றைக்கும் கேள்வி வருகிறது. அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட யாருக்கும் அகப்பட்டதில்லை.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பது சோற்றுப் பானை பார்த்த எவருக்கும் புரியும் பழமொழி. அது ‘சஷ்டியில் இருந்தால்’ என்றும், விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்றும் மேடை மேடையாக விளக்குகிறார்கள். கழுதையின் கற்பூர வாசனையைக் ‘கழு தைக்க’ என்று பிரித்துப் பாய் முடைகிறார்கள். பெர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலப் பொருளோடு அச்சிட்டார். ஜென்சன் 1897இல் இன்னொரு தொகுப்பு. அடுத்த முறை பழமொழிக் கேள்வி போடுமுன் இவற்றைப் புரட்டிவிட்டு, அங்கே என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மைக்கைப் பிடியுங்கள். சஷ்டி அதில் இருந்தால் நான் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய அச்சு எந்த வருஷம், எந்த ஊர்?’ என்று கேளுங்கள். அதற்கு விடை உண்டு, சரிபார்க்கலாம், சண்டை வராது. கதையைத்தான் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் திருப்பிக் கேளுங்கள்: ‘1907 பேஸ்பால் குறிப்பு ஒன்றால் பொய்த்துப்போன போர் விமானக் கதை எந்தத் தொடரைப் பற்றியது?’ இதைவிட நல்ல கேள்வி நான் முப்பது வருஷத்தில் எழுதியதில்லை, இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். விடை அட்டையில் வருஷத்தோடு நீங்கள் தேடிய நாளையும் குறித்து வையுங்கள். 1967 என்று எழுதியவன் 1964க்கு ஏமாந்தான், 1956 என்று எழுதியவன் 1912க்கு ஏமாந்தான். அப்புறம், ‘யாருக்கும் தெரியாது’ என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிப்பதற்கு முன் உங்கள் விடை அட்டைக்குக் காகிதம் இருக்கிறதா என்று ஒரு நொடி யோசியுங்கள்.

என் நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பச்சை மையின் குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதினேன்: ‘மிட்செல் கமர்ஷியல், இண்டியானா, 2 மே 1907. இதுவரை.’ பென்சிலால்.

இப்படிக்கு,
பார்வையாளர் வரிசையில் இருந்து
உங்கள் பழைய கூட்டாளி

பி.கு.: அன்று திரையில் வந்த படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். இந்த மடலை எழுதி முடித்துவிட்டு வீட்டில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: ‘இது மடிசாரே இல்லை. மராட்டிக் கட்டு.’